பிள்ளைக்கு ஒரு சைக்கிள்

மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மலைச் சைக்கிளுக்கு ஆசைப்படுகிறாள் என்று விசுவமடுவில் தேனுகாவைப் பகிடி பண்ணாத ஆளில்லை. குளக்கட்டில் ஏறி இறங்குவாள். கிறவல் கிண்டிய பள்ளங்களுக்குள் பாய்ந்து விழுவாள். முழங்கையில் மருந்து கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவாள். "உதெல்லாம் ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குத் தேவையோ?" என்று கேட்ட அதே சனம்தான், போன வருடம் மலைநாட்டில் நடந்த சைக்கிள் ஓட்டத்தில் அவள் நாலாவதாக வந்ததும் "எங்கட ஊர்ப் பிள்ளை" என்று முகநூலில் படம் போட்டது.

நாலாவது வந்தது ஊருக்குப் பெருமை. அவளுக்கு அது நெஞ்சில் தைத்த முள். தேசிய அணிக்கு எடுத்தது முதல் மூன்று பேரைத்தான்.

கடைசி இறக்கம் வரை மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவள் அவள். கல்லும் வேருமாகக் கிடந்த அந்த இறக்கத்தில், இரவல் சைக்கிளின் பின்சில்லு ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளி அவளைத் தூக்கிப் போட்டது. பின்னால் வந்தவளின் சைக்கிளுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் அதிர்வு தாங்கி இருந்தது. 'ரெண்டு சொக் சைக்கிள்' என்பார்கள் எங்கள் பக்கத்தில். அவள் கதிரையில் இருப்பதுபோல் சொகுசாக இருந்தபடி முந்திக்கொண்டு போய்விட்டாள்.

இந்த வருட ஓட்டம் அடுத்த மாதம். தேனுகாவுக்கு வயது இருபத்தேழு. இந்த முறையும் இரவல் சைக்கிளில் போனால், இனி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் போன வாரம் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படி அழுதாள். அம்மா ஜெகதீஸ்வரி முற்றத்தில் நின்று யாருடனோ போனில் கதைத்தது காதில் விழுந்தது. "ஓமோம், பிள்ளைக்குச் சைக்கிள் எடுக்கத்தான் போறம். பிள்ளையின்ர ஆசையை நாங்கள் ஏன் கெடுப்பான்?"

பிள்ளை! அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயரே கிடையாது. பிறந்த நாளிலிருந்து அம்மாவின் வாயில் அவள் 'பிள்ளை'தான். சைக்கிள் என்றாலே முகத்தைத் திருப்புகிற அம்மா இப்படி மாறியதை நினைத்து, துருவிய தேங்காய்ப் பூவுக்குள் கண்ணீர் விழ விழச் சிரித்தாள்.

அன்று பின்னேரமே, கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் நாலு வருடம் குனிந்திருந்து தைத்துச் சேர்த்த காசு முழுவதையும் எடுத்து, அம்மாவுக்கு முன்னால் அண்ணன் சுகிர்தனின் கையில் கொடுத்துவிட்டாள். அப்பா இல்லாத வீட்டில் காசு, காணி, கலியாணம் எல்லாம் அண்ணன் பொறுப்பு. அவளுக்குச் சைக்கிள் பழக்கினவனும் அவன்தான். வைரவர் கோயில் வெளியில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன், விடமாட்டேன் என்று சொன்னால் விடமாட்டான். அப்படிப்பட்ட அண்ணன்.

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

வியாழக்கிழமை காலமை, சுகிர்தன் மரக்கறி ஏற்றுகிற தன்னுடைய பட்டா லொறியை நன்றாகக் கழுவி, பின்னுக்குப் பழைய பாய் ஒன்றை விரித்திருந்தான். புளியங்குளம் சந்தியில் செல்வராசா என்று ஒருவர் யப்பானிலிருந்து வருகிற பழைய சைக்கிள்களை இறக்கி விற்கிறார். அங்கேதான் பயணம்.

"என்ன அண்ணா, கலியாண வீட்டுக்குப் போறமாதிரி வெளிக்கிட்டிருக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டே தேனுகா ஏறி இருந்தாள்.

"சும்மா வா" என்றான் அவன். சிரிக்கவில்லை. விடியப்புறம் எழும்பினதால் அலுப்பாக்கும் என்று அவள் நினைத்தாள்.

வழி முழுக்க அவள்தான் கதைத்தாள். அவளுக்கு இந்த மூன்று மாதமாக இதே படிப்பு. புதிதாக நல்ல ரெண்டு சொக் சைக்கிள் வாங்குவதென்றால், அந்தக் காசுக்கு இன்னொரு பட்டாவே வாங்கிவிடலாம். கையில் இருக்கிற காசுக்கு இரண்டே வழிதான். ஒன்று, மினுமினுக்கிற புது மலிவுச் சைக்கிள். பின்னுக்கு இருக்கிற சுருள் கம்பி வெறும் அலங்காரம், பாரமோ நெல்லு மூட்டைப் பாரம். மற்றது, நல்ல இடத்தில் செய்த பழைய சைக்கிள். பார்க்கத் தெரிந்தால் லாபம், தெரியாவிட்டால் தலையில் துண்டு.

"பழசுதான் எடுக்கோணும் எண்டு பிரசாந்தனும் சொன்னவர்" என்றாள்.

சுகிர்தன் கியரை மாற்றினான்.

பிரசாந்தன் யார் என்று சொல்ல வேண்டும். வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை. தேனுகாவுக்குப் பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த மற்றவர்கள் எல்லாரும் "கலியாணத்துக்குப் பிறகு உந்த ஓட்டமெல்லாம் விட வேணும்" என்று தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டுப் போனவர்கள். இவன் மட்டும், "என்ன சைக்கிள் ஓடுறீர்?" என்று கேட்டான். தானும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு காட்டுப்பாதையில் ஓடுகிறவன் என்றான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் தேனுகா தலையை ஆட்டினாள். போதாததற்கு, அவனுடைய தாய் ஞானேஸ்வரி "எங்களுக்குச் சீதனம் எண்டு ஒரு சதமும் வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டா. ஜெகதீஸ்வரிக்கு அன்று கால் நிலத்தில் பாவவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வருகிறார்கள்.

செல்வராசாவின் கடை, கடை என்று சொல்ல முடியாத ஒரு தகரக் கொட்டில். ஆள் வாய்க்காரன். வியாபாரத்தை விடக் கதையில்தான் அவருக்கு லாபம்.

"வாங்கோ தம்பி, வாங்கோ தங்கச்சி! துடைச்சு மினுக்கி வைச்சிருக்கிறன். இப்பிடி ஒரு சாமான் யாழ்ப்பாணம் வரைக்கும் தேடினாலும் கிடையாது. போன கிழமை ஒரு டொக்டர் வந்து கேட்டவர், நான் குடுக்கேல்லை. வாக்கெண்டால் வாக்கு."

கறுப்புச் சைக்கிள். பார்த்த உடனேயே தேனுகாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் அழகில் மயங்குகிறவள் அல்ல அவள். குந்தியிருந்தாள். பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாள். பின்பக்கம் அசைகிற மூட்டுப் பூட்டுகளில் ஆட்டமில்லை. சொக்கின் தண்டைத் துடைத்துவிட்டு, எண்ணெய் கசிந்த அடையாளம் இருக்கிறதா என்று விரலால் தடவினாள். பிறேமைத் தலைகீழாகத் திருப்பி, ஒட்டு வைத்த இடங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பார்த்தாள். செயினை இழுத்துப் பார்த்தாள்.

"தங்கச்சி டொக்டரை விட வடிவாப் பாக்கிறா" என்றார் செல்வராசா.

"நல்லது அண்ணா. நல்ல சாமான்" என்றாள் தேனுகா. முகமெல்லாம் சிரிப்பு.

"வடிவாப் பாத்திட்டியோ? பிறகு அது பிழை, இது பிழை எண்டு வராதே?" சுகிர்தன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"வராது. ஆனா ஒண்டு…"

ஏறி இருந்து பார்த்தபோதுதான் அந்த ஒன்று தெரிந்தது. கால் விரல்கூட நிலத்தில் படவில்லை. ஹாண்டில் எட்டத்தில் இருந்தது. பிறேம் பெரிது. சின்னப் பிறேம் என்று அண்ணனுக்கு எத்தனை தரம் சொல்லிவிட்டாள்! அதைவிட, பின் சொக் அசையவே இல்லை. ஆள் ஏறி இருந்தால் கால்வாசியாவது அமிழ வேண்டும். எழும்பி எழும்பி இருந்து பார்த்தாள். கல்லு.

"இதுக்குக் காத்துக் கூடவெல்லோ?" என்றாள்.

"கூட இல்லைத் தங்கச்சி, கணக்காத்தான் அடிச்சு வைச்சிருக்கிறன். உந்தச் சொக்குக்கு ஓடுற ஆளின்ர நிறைக்கு ஏத்தமாதிரிக் காத்து அடிக்க வேணும். தம்பி சொன்ன நிறை எழுபத்தெட்டு. எழுபத்தெட்டுக்கு அடிச்சிருக்கு."

தேனுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுபத்தெட்டோ? அண்ணா, நான் என்ன ஆனையோ? என்ர நிறை நாப்பத்தொன்பது!"

சுகிர்தன் சைக்கிளின் ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அது… வாய் தவறி என்ர நிறையைச் சொல்லிப்போட்டன்."

அண்ணனை மழையில் நனைத்துத் தூக்கி நிறுத்தாலும் அறுபது தேறாது. செல்வராசாவும் அவனை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார்.

"தங்கச்சி ஓடுறதுக்கோ?" என்றார் அவர். "அப்பிடியெண்டால் எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே. அங்க பாருங்கோ, மூலையில சின்னப் பிறேம் ஒண்டு நிக்குது. கேப்பார் இல்லாமல் கிடக்குது. அச்சா உங்கட அளவு. விலையும் கொஞ்சம் குறைவு."

மூலையில் சாக்குக்குப் பின்னால் அது நின்றது. பச்சை நிறம் மங்கிப் போயிருந்தது, முன் கவட்டில் கீறல். தேனுகா போய் ஏறி இருந்தாள். கால் விரல்கள் நிலத்தைத் தொட்டன. ஹாண்டில் தானாகக் கைக்கு வந்தது. தனக்கென்று தைத்த சட்டையைப் போட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அண்ணா, இது! இதுதான் அண்ணா!"

"இறங்கு" என்றான் சுகிர்தன்.

"ஒருக்கா ஓடிப் பாக்கிறன்…"

"இறங்கு எண்டெல்லோ சொல்லுறன். நிறமும் அதுவும்! கறுப்புக்கு முற்பணம் குடுத்தாச்சு. இனி மாத்தேலாது."

செல்வராசா வாயைத் திறந்தார். "முற்பணம் எண்டாலும் தம்பி, அதை நான்…"

"ஐயா, நீங்கள் ஏத்துங்கோ."

கடைக்காரருக்கு முன்னால் அண்ணனோடு வாய் காட்ட அவளுக்கு விருப்பமில்லை. சீற்றைக் கீழே இறக்கலாம், ஹாண்டிலைக் கிட்டக் கொண்டுவரலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவளுடைய காசு அவளுடைய கண்ணுக்கு முன்னால் கை மாறியது. கறுப்புச் சைக்கிள் பாயில் படுத்தது. சொக்குக்குக் காற்று அடிக்கிற சின்னப் பம்பை மட்டும் செல்வராசா அவளுடைய கையில் தந்தார். "இதை வைச்சிருங்கோ தங்கச்சி, சும்மா தாறன்" என்றார். அவருடைய குரலில் இருந்தது இரக்கம் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

ஏ-9 வீதியில் பட்டா வடக்கே திரும்பியது.

எழுபத்தெட்டு. அந்த எண்ணை எங்கேயோ கேட்ட ஞாபகம். மாங்குளம் தாண்டி, பாலை மரங்கள் நெருக்கமாக வரத் தொடங்கிய இடத்தில் அது வந்து சேர்ந்தது. பிரசாந்தனின் குரல். "கந்தோரில இருந்து இருந்து எழுபத்தெட்டாப் போச்சு தேனு. ஓடித்தான் குறைக்க வேணும்."

தேனுகா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான். சீச்சீ, அப்படி இருக்காது என்றது மனம். என்ன மனம் அது! கண்ணுக்கு முன்னால் தெரிகிறதைக் கூட, அண்ணன் என்றதால் நம்ப மறுக்கிற மனம்.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த வீதியில் எந்த வாகனமும் போகாது. புது வாகனம் என்றால் கேட்கவே வேண்டாம். சுகிர்தனும் நிறுத்தினான். கச்சான் கடைகளைத் தாண்டிப் போய்த் தேங்காயும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு வந்தான்.

"கெதியா உடைச்சுப்போட்டுப் போவம்."

"அர்ச்சனையும் செய்விப்பம் அண்ணா" என்றாள் தேனுகா.

"அதெல்லாம் எதுக்கு? நேரம் போகுது."

"சைக்கிளுக்குத்தானே. கல்லிலயும் முள்ளிலயும் ஓடப்போற சைக்கிள்." சொல்லிவிட்டு அவளே போய் அர்ச்சனைத் தட்டை வாங்கி அண்ணனின் கையில் வைத்தாள்.

ஐயர் தட்டை வாங்கினார். வீட்டுக்குப் பெரியவன் என்று சுகிர்தனைத்தான் பார்த்தார். "ஆற்ற பேருக்கு? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

சுகிர்தன் கையிலிருந்த கற்பூரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லுங்கோ அண்ணா" என்றாள் தேனுகா. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சைக்கிள் ஆற்றை எண்டு பிள்ளையாருக்குத் தெரிய வேணுமெல்லோ."

அவன் அவளுடைய பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே. ஆனால் முறிகண்டியில் பொய் சொல்லிவிட்டு ஏ-9 வீதியில் வாகனம் ஓட்டுகிற துணிவு எங்கள் சாரதிமாருக்குக் கிடையாது. தங்கச்சிக்குப் பொய் சொல்லலாம். பிள்ளையாருக்குச் சொல்ல முடியுமா?

"பிரசாந்தன்" என்றான் சுகிர்தன். "சித்திரை நட்சத்திரம்."

ஐயர் அந்தப் பெயரை மந்திரத்துக்குள் வைத்துச் சொன்னார். மணி அடித்தார். வெளியே வந்து கறுப்புச் சைக்கிளின் ஹாண்டிலில் சந்தனம் பூசி, பூ வைத்தார். திருநீற்றைத் தேனுகாவிடம் நீட்டி, "தங்கச்சியின்ர அவரோ? சுகமா ஓடட்டும்" என்று வாழ்த்தினார்.

தேனுகா திருநீற்றை வாங்கிப் பூசினாள். ஐயர் என்ன செய்வார், பாவம்.

அவர் உள்ளே போனதும் கேட்டாள். "எவ்வளவு நாளாத் தெரியும்?"

"எடி தேனு, கேள்…"

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றான் அவன். "அவையள் சீதனம் ஒண்டும் கேக்கேல்லை. வீடு கேக்கேல்லை, காணி கேக்கேல்லை. பிள்ளை நல்ல சைக்கிள் ஒண்டுக்கு ஆசைப்படுறான் எண்டு மட்டும் தாய் சொன்னவா. அம்மா உடன ஓமெண்டிட்டா. என்னட்டை எங்கயடி காசு? பட்டாவின்ர மாசக் கட்டுக்காசுக்கே நான் படுற பாடு உனக்குத் தெரியும்தானே."

"அதுக்கு என்ர காசு."

"உன்ர கலியாணம்தானே!"

"எப்ப சொல்ல இருந்தனீங்கள்?"

"ஞாயிறுக்கிடையில சொல்லுவம் எண்டுதான்…"

தேனுகாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கோபத்தைவிடக் கூடுதலாக வெட்கம் வந்தது. பூட்டை ஆட்டிப் பார்த்ததும், எண்ணெயைத் தடவிப் பார்த்ததும், "நல்ல சாமான்" என்று சிரித்ததும்! ஆட்டை வெட்டப் போகிறவனுக்கு ஆடே கத்தி தீட்டிக் கொடுத்த கதையாக அல்லவா போயிற்று. வடிவாப் பாத்திட்டியோ, வடிவாப் பாத்திட்டியோ என்று அண்ணன் கேட்டது அவளுக்காக இல்லை.

"பின்னால பிடிச்சுக்கொண்டு வாறன், விடமாட்டன் எண்டு சொல்லிச்சொல்லித்தானே எனக்குப் பழக்கினீங்கள்" என்றாள். பட்டாவில் முன்னுக்கு ஏறாமல் பின்னுக்கு ஏறி, சைக்கிளுக்குப் பக்கத்தில் பாயில் இருந்துகொண்டாள். சுகிர்தன் வண்டியை எடுத்தான்.

கிளிநொச்சியும் பரந்தனும் கடந்து வீடு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. படலையில் சத்தம் கேட்டதுமே ஜெகதீஸ்வரி தேசிக்காயும் கையுமாக ஓடி வந்தா. சில்லுக்கு அடியில் வைத்து நசிக்க.

"அப்பனே, வடிவான சைக்கிள்! பிள்ளை, வடிவாப் பாத்து எடுத்தனீயோ? பிள்ளைக்குப் பிடிக்குமோ?"

தேனுகா பாயிலிருந்து இறங்கினாள். "எந்தப் பிள்ளைக்கு அம்மா?"

ஜெகதீஸ்வரி மகனைப் பார்த்தா. மகன் நிலத்தைப் பார்த்தான். தேசிக்காய் அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தது.

"தெரிஞ்சு போச்சோ" என்றா மெதுவாக. பிறகு, குற்றம் பிடிபட்டவர்கள் எல்லாரையும் போல, குரலை உயர்த்தினா. "தெரிஞ்சால் தெரியட்டும்! நான் என்ன களவோ எடுத்தனான்? பக்கத்து வளவு ரஜிதாவுக்குச் சீதனம் சேர்க்க அவையள் வித்தது வயல் முழுக்க. எங்களிட்டை ஒரு சைக்கிள். ஒரேயொரு சைக்கிள்! அதுவும் என்ன, வேற ஆற்றையும் வீட்டையோ போகுது? உன்ர வீட்டுக்குள்ளதானே நிக்கப்போகுது!"

"என்ர வீட்டுக்குள்ள நிண்டால் என்ர கால் எட்டுமோ?"

"அவர் ஏத்திக்கொண்டு போவார்."

"அம்மா, அதுக்குப் பின்னால காரியரே இல்லை!"

வேறு நாளாயிருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். இன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

"நான் கேட்டனான் அம்மா. குசினிக்குள்ள இருந்து கேட்டனான். பிள்ளையின்ர ஆசையைக் கெடுக்கமாட்டம் எண்டு நீங்கள் சொன்னதை. நான்தான் அந்தப் பிள்ளை எண்டு நினைச்சு, அழுதழுது அவ்வளவு காசையும் கொண்டுவந்து தந்தனான். தந்த நேரம் என்ர முகத்தைப் பாத்தனீங்கள்தானே? அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

ஜெகதீஸ்வரியின் கண் கலங்கியது. கல்நெஞ்சுக்காரி அல்ல அவ. ஆண் துணை இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்து, மகளுக்கு வயது ஏறுவதை நாள்தோறும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவ. பயம் பிடித்தவர்கள் செய்கிற அநியாயம் கெட்டவர்கள் செய்கிறதைவிடக் குறைவாக நோகும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"சொன்னால் நீ தந்திருப்பியோ?" என்றா.

அந்தக் கேள்விக்குத் தேனுகாவிடம் பதில் இருந்தது. அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது.

பிரசாந்தன்.

அவனுக்குத் தெரிந்திருக்காது என்று ஒரு நினைப்பு, நாள் முழுக்க அவளை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தாய் கேட்டிருப்பா, அம்மா ஓமென்றிருப்பா, அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவான். அவனும் ஓடுகிறவன் அல்லவா? ஒரு ஓட்டம் என்றால் என்னவென்று அவனுக்கு விளங்காதா?

"தேனு, வந்திட்டீரோ?" குரலில் அவ்வளவு சந்தோசம். "சைக்கிள் எப்பிடி?"

"நல்ல சைக்கிள்" என்றாள்.

"பின் பூட்டெல்லாம் ஆட்டிப் பாத்தனீரோ? வெடிப்பு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை."

"அப்பாடா! நான்தான் சுகிர்தனுக்குச் சொன்னனான், நீர் இல்லாமல் போக வேண்டாம் எண்டு. உங்கட வீட்டில உம்மை விட்டால் வேற ஆருக்குப் பாக்கத் தெரியும்? அதுக்காகத்தானே உமக்கு ஒவ்வொண்டாச் சொல்லித் தந்தனான்."

மூன்று மாதமாக இரவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்ட ஒவ்வொரு பாடமும் இதற்குத்தானா? அம்மாவும் அண்ணனும் செய்தது நொந்தது. இது நோகவில்லை. நோகிறதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

"தேனு? கோவமோ? அடுத்த மாச ஓட்டத்துக்கு இரவல் சைக்கிளிலயே ஒருக்கா ஓடும். அதோட சரிதானே. பிறகு கலியாண அலுவல் வந்திடும். பிறகு ஆறுதலா ஞாயிற்றுக்கிழமைகளில நீரும் இதில ஒரு சுத்து ஓடலாம்."

தேனுகா முற்றத்தில் நின்ற கறுப்புச் சைக்கிளைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. புளியங்குளத்துக் கடை நாளைக் காலமை எட்டு மணிக்குத் திறக்கும்; மூலையில் அந்தப் பச்சைச் சைக்கிள் இன்னும் நிற்கும்.

"பிரசாந்தன்" என்றாள். பெயரைச் சொல்லி அவனை அவள் கூப்பிட்டது இதுதான் முதல் தரம். "சைக்கிள் விக்கிறதுக்கு நிக்குது."

"என்ன?"

"உமக்கு வேணுமெண்டால் விலை பேசுவம். நான் வாங்கின விலைக்கே தாறன். நல்ல சாமான், நானே பாத்து எடுத்தது. நாளைக்குக் காலமைக்கிடையில காசு அனுப்பினால் உமக்கு. இல்லாட்டி டொக்டர் ஒராள் கேட்டவராம், அவருக்கு."

ஜெகதீஸ்வரி நெஞ்சில் கை வைத்தா. சுகிர்தன் நிமிர்ந்தான்.

"பகிடி விடாதையும் தேனு." அவனுடைய குரல் மாறியிருந்தது. "உங்கட அம்மா எங்கட அம்மாவுக்குக் குடுத்த வாக்கு அது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வர இருக்கிறம். என்ன கதைக்கிறீர் எண்டு யோசிச்சுக் கதையும். போனை அம்மாட்டைக் குடும்."

அம்மா கையை நீட்டிக்கொண்டுதான் நின்றா. "தா பிள்ளை, நான் கதைக்கிறன். ஏதோ கோவத்தில சொல்லுறாய் எண்டு சொல்லுறன். தா."

தேனுகா போனைக் கொடுக்கவில்லை.

"அம்மாவைக் கேக்காதையும்" என்றாள். "சைக்கிள் என்ர."